உஷார்! மாடியில் மண் ஏத்துறீங்களா? முதல்ல சீலிங்கைப் பாருங்க!

மண்டகப்பட்டு, செஞ்சிப் பக்கம் மொட்டை மாடியில் தோட்டம் போடுற எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. இடம் சின்னது, ஒரு மூலைகூட வீணாகக் கூடாதுன்னு நெருக்கி நெருக்கி வைக்கிறோம். ஆபத்தே அங்கேதான்!

ஆள் நடமாடும் மாடிக்கு நம்ம நாட்டுக் கட்டட விதி போடுற பாரக் கணக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பத்தே செ.மீ. உயரத்துக்கு ஈரமண் பரப்பினாலே அதைத் தாண்டிடும்!

செஞ்சியில் ஒரு குடும்பம். 200 லிட்டர் டிரம்மைப் பாதியா அறுத்து, தோட்டத்து மண்ணை ரொப்பி, கூடத்துக்கு நேர் மேலே வரிசையா வெச்சாங்க. எலுமிச்சை, முருங்கை. தண்ணி ஊத்தினா ஒவ்வொண்ணும் 150 கிலோவுக்கு மேலே. ரெண்டு மழைக்காலம் ஒண்ணும் தெரியலை. மூணாவது மழையில், ராத்திரி, சீலிங் காரை பொத்துன்னு விழுந்தது. பாயில் தூங்கின குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி! பெயர்ந்த இடத்தில் கம்பியெல்லாம் துரு. டிரம்முக்கு அடியில் காயாமலே கிடந்த ஈரம் செஞ்ச வேலை.

மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாம செஞ்சதுன்னு கல்வெட்டே சொல்லுது. 1400 வருஷமா நிக்குது. அது பாறை! நம்ம தளம் கம்பியை நம்பி நிக்குது. கம்பிக்குத் தண்ணிதான் எமன்.

2024 ஃபெஞ்சல் புயலை மறந்துடாதீங்க. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. தொட்டிகள் வடிகுழாயை அடைச்சிருந்தா? பத்து செ.மீ. தண்ணி தேங்கினாலே சதுர மீட்டருக்கு இன்னொரு 100 கிலோ!

சீலிங்கில் ஓதம், உப்புப் பூத்தல், துருக்கறை. தட்டினா டொக்குன்னு பொள்ளலாக் கேட்கும் காரை. மழை விட்டும் நிக்காத சொட்டு. இதில் ஒண்ணு தெரிஞ்சாலும் அலட்சியம் வேண்டாம்.

கனமான தொட்டியைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் நேர் மேலே மட்டும் வையுங்க. நடுவில் கீரைப் பைகள் போதும், தென்னைநார்க் கழிவு கலந்து. அடியில் காத்து போக ரெண்டு செங்கல். இடம் பத்தலையா? பாகல், புடலையைப் பந்தலில் ஏத்துங்க. கைப்பிடிச் சுவர் மேல தொட்டியே கூடாது, கீழே பிள்ளைங்க விளையாடும்! தொட்டித் தட்டில் தேங்கின தண்ணியை வாரம் தவறாம கவிழ்த்துடுங்க, டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

மரக்கட்டை தாங்குற பழைய மாடியா? டிரம் வேண்டவே வேண்டாம். விரிசல் கண்ணில் பட்டா, இன்னைக்கே அந்தப் பாரத்தை இறக்குங்க. கட்டடப் பொறியாளர் வந்து பார்க்கிற வரைக்கும் அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீங்க.