கூடாரத்துக்குப் பணம் கட்டும் முன்

முகாம் என்றதும் எந்தக் கூடாரம் வாங்கலாம், எந்த டார்ச் நல்லது என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த இடத்தில் இரவு தங்க யார் அனுமதி கொடுத்தது?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தனர். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் காட்டோரக் கூடார விடுதியில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை கொன்றது. அந்த விடுதிக்கு உரிமம் இல்லை என்பது அதன் பிறகுதான் வெளியே தெரிந்தது.

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். ஏற்பாட்டாளர் “எல்லாம் பேசியாச்சு” என்று சொன்னால் போதாது. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் மலையேற விரும்புவோருக்கு வனத்துறையே 2024-ல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, வழிகாட்டியோடு 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. கோடையில் தீ அபாயம் இருக்கும்போது பாதைகளை மூடினால், அதைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குவழி தேடக் கூடாது.

இனி பொருட்கள். மழைத் தடுப்பு மேலுறை உள்ள கூடாரம், தரைவிரிப்பு, தூங்கும் பை. குளிர் தரையிலிருந்துதான் ஏறும் என்பதால் அடியில் பாய் போன்ற மெத்தை அவசியம். தலையில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரி, விசில், குடிநீர், ஓஆர்எஸ் பொட்டலங்கள், அன்றாட மருந்துகள். மலைக்குப் பருத்தி உடை மட்டும் போதாது. நனைந்தால் காயாது, உடம்பைக் குளிர வைக்கும். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு ஆபத்துகளைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. குளிருக்காகக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பது முதலாவது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது; தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் 2024-ல் அப்படித்தான் இறந்தார்கள். தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று கட்டுவிரியன். இரவில் தரையில் படுத்திருப்போரைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீக்கமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி வந்தாலோ இமை தொங்கினாலோ உடனே சந்தேகப்படுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்க விடாமல் 108-ஐ அழையுங்கள். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். காலணியை உதறிவிட்டே மாட்டுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் முகாம் ஒரு சேவை, நீங்கள் நுகர்வோர். “எந்த விபத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல” என்ற தாளில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. ஏற்பாட்டாளரின் கவனக்குறைவை அந்தத் தாளைக் காட்டியே மூடி மறைத்துவிட முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். ஆணையம் முதலில் கேட்பது அவற்றைத்தான்.