தாய் தந்த நேர்மை, மகள் தேடிய உண்மை



நீதிமொழிகள் நூலின் 31-ஆம் அதிகாரத்தைத் திருமணத் திருப்பலிகளில் கேட்டிருப்பீர்கள். திறமையுள்ள இல்லாளைப் பற்றிய பகுதி அது. அந்த அதிகாரம் தொடங்கும் விதத்தைப் பலர் கவனிப்பதில்லை. இலமுவேல் என்னும் அரசனுக்கு அவனுடைய தாய் கற்றுத்தந்த அறிவுரை என்றே அது தொடங்குகிறது. அரசனுக்கும் முதல் ஆசிரியை அம்மாதான்!

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது எனக்கு ஒரு யூதத் தாயின் நினைவு வரும். அவர் பெயர் அகுஸ்தே. அவருடைய கடைசி மகளுக்கு ஆகஸ்டு 9-ஆம் நாள் நாம் விழா எடுக்கிறோம். திருச்சபை அந்த மகளைச் சிலுவையின் புனித தெரேசா பெனடிக்டா என்று அழைக்கிறது. உலகம் அறிந்த பெயர் எடித் ஸ்டெயின்.

மரக்கடையே பள்ளிக்கூடம்

எடித் 1891 அக்டோபர் 12 அன்று பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. பதினொரு பிள்ளைகளில் அவரே கடைசி. நால்வர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். எடித்துக்கு இரண்டு வயது நிறையும் முன்பே, 1893-இல், தந்தையும் திடீரென இறந்தார்.

கையில் ஏழு பிள்ளைகள், கடனில் கிடந்த மர வியாபாரம். கடையை விற்றுவிடும்படி உறவினர்கள் சொன்னார்கள். அகுஸ்தே அதற்கு இணங்கவில்லை. தாமே தொழிலைக் கற்று, தாமே நடத்தி, கடன்களை அடைத்தார். நிலத்தைப் பார்த்து ஆராய்ந்து வாங்குகிறவள் என்று நீதிமொழிகள் சொல்லும் பெண் இவரே அல்லவா!

அவர் பிள்ளைகளை உட்கார வைத்து அதிகம் போதித்தவர் அல்லர். ஓய்வுநாளையும் நோன்பையும் தவறாமல் கடைப்பிடித்தார். பொய்யை வெறுத்தார். எடுத்த வேலையைப் பாதியில் விடவில்லை. பிள்ளைகள் இவற்றையெல்லாம் தினமும் கண்ணால் பார்த்தார்கள்.

அந்நாளில் பெண்கள் உயர்கல்வி பெறுவது எளிதன்று. பிரஷ்யா அரசு தன் பல்கலைக்கழகங்களில் பெண்களை முறையாகச் சேர்க்கத் தொடங்கியதே 1908-இல்தான். அப்படியிருந்தும் அந்த விதவைத் தாயின் மகள் எர்னா மருத்துவர் ஆனார். எடித் 1906-இல் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டார். செபிப்பதையும் விட்டுவிட்டார். பின்பு அவர் படிப்பைத் தொடர விரும்பியபோது தாய் ஆதரவாக நின்றார். விட்ட பாடங்களைத் தனியாகப் படித்து முடித்த எடித், 1911-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1913-இல் மெய்யியல் படிக்க கோட்டிங்கன் செல்ல விரும்பினார். மகளைப் பிரிவது தாய்க்கு வருத்தம்தான். ஆனாலும் தடுக்கவில்லை. 1916-இல் எடித் மிக உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வின் பொருள், பிறருடைய மனநிலையை நாம் எப்படி உணர்கிறோம் என்பது.

ஒரு தாயின் கண்ணீர்

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதை. எடித்தின் தேடல் அதோடு நிற்கவில்லை. 1921-இல் அவிலா நகர்ப் புனித தெரேசாவின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். 1922 சனவரி 1-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். செய்தியைக் கடிதத்தில் எழுதி அனுப்பாமல், வீட்டுக்கே போய்த் தாயிடம் நேரில் சொன்னார். எதற்கும் அசையாத அந்தத் தாய் அழுதார்.

1933-இல் நாசி ஆட்சி யூதர்களின் வேலையைப் பறித்தபோது எடித்தின் ஆசிரியப் பணியும் போனது. அவர் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் சேர முடிவுசெய்தார். புறப்படுவதற்கு முந்தைய நாள் அவருடைய பிறந்தநாள். தாய்க்கு அப்போது 84 வயது. இருவரும் ஒன்றாகத் தொழுகைக்கூடம் சென்று, வீடுவரை நடந்தே திரும்பினார்கள். இயேசு நல்லவராக இருந்திருக்கலாம், ஆனால் தம்மை ஏன் கடவுளாக்கிக் கொண்டார் என்று தாய் கேட்டார். அன்றிரவு தாயும் அழுதார், மகளும் அழுதார்.

மடத்திலிருந்து எடித் வாரந்தோறும் கடிதம் எழுதினார். தாயிடமிருந்து நீண்ட காலம் பதில் இல்லை. பின்னரே ஓரிரு வரி வாழ்த்து வரத் தொடங்கியது. 1936 செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா அன்று அகுஸ்தே இறந்தார். கடைசி நேரத்தில் அவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்று ஒரு வதந்தி பரவியது. கேட்பதற்கு நமக்கு இனிப்பான செய்தி! எடித் அதை உடனே மறுத்தார். அம்மா இறுதிவரை தம் விசுவாசத்தில் உறுதியாக நின்றார், இறைவன் அவருக்கு இரக்கமுள்ள நடுவராக இருப்பார் என்ற கருத்தை எழுதினார். தனக்குச் சாதகமான பொய்யையும் ஏற்காத இந்த நேர்மையை மகள் எங்கே கற்றார்? அந்த மரக்கடையில்தான்.

எடித் 1942 ஆகஸ்டு 9 அன்று ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

நம் சிந்தனைக்கு

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் பங்கு இல்லம் தேடி வருகிறார்கள். எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்பதே பேச்சு. அது தவறல்ல. ஆனால் கட்டணம் கட்டுவதோடு தாயின் பங்கு முடிந்துவிடாது. கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுக்கும் அம்மாவைப் பார்க்கும் மகள், தேர்வில் பார்த்து எழுதக் கூச்சப்படுவாள். கடினமான வேலையைப் பாதியில் விடாத அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள், கடினமான பாடத்தையும் பாதியில் விடமாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. படித்த பெண் கேள்வி கேட்பாள். நாம் நினைத்த துறையை, நாம் நினைத்த வாழ்வை அவள் தேர்ந்துகொள்ளாமல் போகலாம். அப்போது, "இதற்காகவா படிக்க வைத்தோம்" என்று சொல்வது எளிது. அகுஸ்தே அழுதார், வாதாடினார், மௌனமாகவும் இருந்தார். ஆயினும் மகளின் வழியை அடைக்கவில்லை. மகளும் தாயை மறக்கவில்லை.

இன்று உங்கள் மகள் உங்களிடம் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்? இன்றிரவு குடும்ப செபத்திற்குப் பின் சற்று எண்ணிப் பாருங்கள். சிலுவையின் புனித தெரேசா பெனடிக்டாவே, எங்கள் தாய்மாருக்காகவும் படிக்கும் எங்கள் மகள்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.