பாட்டுக்கும் மீட்டர் ஓடுகிறது

எஃப்.எம். நிலையங்களுக்கும் இசைக் கம்பெனிகளுக்கும் இருபதாண்டுகளாக நடந்த தகராறு கூலியைப் பற்றியது. பாட்டை எழுதியவரின் பங்கு பேச்சுக்கு வந்தது கடைசியில்தான்.

கோபர்கைரனே ரயில் நிலையத்துக்கு வெளியே சவாரிக்குக் காத்து நிற்கும் ஆட்டோக்களில் ஏதாவது ஒன்றிலாவது ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இந்திப் பாட்டு. ஓட்டுநர் நெல்லைச் சீமைக்காரராக இருந்தாலும் மும்பை எஃப்.எம்.களில் கிடைப்பது அதுதான். கேட்பவருக்குப் பைசா செலவில்லை. ஆனால் அந்தப் பாட்டு ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாரோ யாருக்கோ கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கு என்ன என்பதை ஆட்டோக்காரருக்கு விளக்குவது சுலபம். வாடகை வண்டி ஓட்டுபவர் சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலாளிக்கு அன்றைய வாடகையைக் கொடுத்தாக வேண்டும். வசூலில் இத்தனை பங்கு என்று பேசிக்கொண்டால் லாபமும் நஷ்டமும் இருவருக்கும் பொது. ரேடியோவுக்கும் இசைக் கம்பெனிக்கும் இருந்த வழக்கின் சாரம் இவ்வளவுதான்.

கம்பெனிகள் கேட்டது வாடகை. ‘நீடில் ஹவர்’, அதாவது ‘ஊசி மணி’, என்பது அந்தக் கணக்கின் பெயர். இசைத்தட்டின் மீது ஊசி ஓடிய நேரம் மட்டும் கணக்கில் சேரும். அறிவிப்பாளரின் அரட்டையும் விளம்பரமும் சேராது. தட்டும் ஊசியும் போய்விட்டன, பெயர் மட்டும் மிச்சம். நிலையங்கள் கேட்டது பங்கு: விளம்பர வருமானத்தில் இத்தனை சதவிகிதம்.

சண்டை புதிதல்ல. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆகாசவாணி திரைப்பாடல் நேரத்தைக் குறைத்தது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தியது. கோபமடைந்த தயாரிப்பாளர்கள் பாடல்களுக்கான அனுமதியையே திரும்பப் பெற்றனர். லாபம் கொழும்புக்கு. அமீன் சயானி பம்பாயில் பதிவு செய்த ‘பினாகா கீத்மாலா’ ரேடியோ சிலோன் வழியாக இந்தியா முழுவதும் ஒலித்தது. தமிழகமும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு முள்ளைத் திருப்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்தது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

தனியார் எஃப்.எம். வந்தபோது நிலைமை இன்னும் சிக்கலானது. 2001இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு மும்பையிலும் ஒலிபரப்பு தொடங்கியது. சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லாத நிலையங்களுக்குப் பாட்டுதான் சரக்கு. அதை விற்பவர்களோ சிலர்தான். 1941இல் தொடங்கிய பி.பி.எல். அமைப்பு பல கம்பெனிகளின் சார்பில் பேசியது. டி-சீரிஸ் தனியாகப் பேரம் பேசியது.

2002இல் காப்புரிமை வாரியம் ஊசி மணிக் கணக்கில் கட்டணம் விதித்தது. இரு தரப்புக்கும் திருப்தியில்லை. இதற்கிடையே 2005இல் அரசே தன் உரிமக் கட்டண முறையை மாற்றியது. ஆண்டுதோறும் ஏறிய நிரந்தரக் கட்டணத்துக்குப் பதிலாக, நுழைவுக் கட்டணத்தோடு வருமானத்தில் 4 சதவிகிதப் பங்கு போதும் என்றது. அரசுக்குப் பொருந்தும் நியாயம் கம்பெனிகளுக்கு ஏன் பொருந்தாது என்பது நிலையங்களின் கேள்வி. எங்கள் சொத்துக்கு நாங்கள்தான் விலை சொல்வோம் என்பது கம்பெனிகளின் பதில்.

ரேடியோ மிர்ச்சியை நடத்தும் நிறுவனத்துக்கும் டி-சீரிஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடிச்சை அவிழ்த்தது. நியாயமற்ற விலை கேட்பதும் தர மறுப்பதும் ஒன்றுதான், அப்படிப்பட்ட நிலையில் வாரியம் கட்டாய உரிமம் வழங்கலாம் என்றது தீர்ப்பு. 2010 ஆகஸ்டில் வாரியம் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவிகிதம் என்று விதித்தது. லட்ச ரூபாய் வந்தால் கம்பெனிகளுக்கு இரண்டாயிரம். சிற்றூர் நிலையங்கள் மூச்சுவிட்டன. கம்பெனிகள் கொதித்தன.

இத்தனை வாதங்களிலும் ஓரமாக நின்றவர்கள் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும். ஒரு பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று உரிமைகள் உண்டு. முதல் இரண்டையும் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஒருமுறை சம்பளத்தோடு வீட்டுக்குப் போவதே வழக்கம். 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை மாற்றியது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். ராயல்டியில் அவர்களுக்குள்ள பங்கை இனி எழுதி வாங்க முடியாது. அதே திருத்தம், உரிய கட்டணத்தைச் செலுத்தினால் கம்பெனியின் சம்மதம் இல்லாமலே பாட்டை ஒலிபரப்பும் வழியையும் நிலையங்களுக்குத் திறந்துவிட்டது.

2 சதவிகிதக் காலம் 2020 செப்டம்பரோடு முடிந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் மறுபடியும் ஊசி மணிக்கே திரும்பியது. வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கட்டணமும் விதித்தது. நான்கே மாதங்களில் அந்த வாரியமே கலைக்கப்பட்டது. ஆனால் 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒலிப்பதிவுக்குப் பணம் கொடுத்துவிட்டதால் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் தர வேண்டியதில்லை என்ற நிலையங்களின் வாதத்தை ஏற்கவில்லை.

அமெரிக்காவில் கதை நேர் எதிர். அங்கே சாதாரண ரேடியோ, பாட்டை எழுதியவருக்குப் பணம் தருகிறது. ஒலிப்பதிவுக் கம்பெனிக்கும் பாடகருக்கும் தருவதில்லை. தங்கள் தட்டை ஒலிபரப்பக் கம்பெனிகள் அறிவிப்பாளர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த ஊழல் 1959இல் அமெரிக்க நாடாளுமன்றம்வரை போனது. ரேடியோவில் வந்தால்தான் தட்டு விற்கும் என்ற காலம் அது.

இப்போது பாட்டு கைப்பேசியில் கிடைக்கிறது. இணையத்தில் பாட்டு தருபவர்களுக்கு ரேடியோவுக்கான சட்ட உரிமம் பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே கம்பெனி சொல்வதே விலை. கோபர்கைரனே ஆட்டோவில் தமிழ்ப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஓட்டுநர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கைப்பேசியைத்தான் எடுக்கிறார். டேட்டாவுக்கு அவரே காசு கட்டுகிறார். மீட்டர் இப்போது அவர் பக்கம் ஓடுகிறது.