காசை எதன் மேல் வைப்பது?

பழைய காசு ஒன்றை ஆராய உட்காருபவர் முதலில் தேடுவது லென்ஸை. காசை எதன் மேல் வைக்கப் போகிறோம் என்று யோசிப்பவர்கள் குறைவு. மேசை இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு செய்தித்தாள். கொஞ்சம் கவனமானவர் என்றால் நகைக்கடை நினைவில் ஒரு வெல்வெட் துணி. மெத்தென்று இருந்தால் காசுக்கு ஆபத்தில்லை என்பது பொதுவான எண்ணம். அது பாதிதான் சரி. மெத்தென்ற பரப்பு, காசு கைதவறி விழும்போது காப்பாற்றும். காசு அதன்மேல் நகரும்போதும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒரே பொருளை நம்பி இரண்டையும் ஒப்படைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

கீறல் எப்படி விழுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் தங்கமும் வெள்ளியும் 2.5-க்கும் 3-க்கும் இடையில் இருக்கின்றன; செம்பு ஏறத்தாழ 3. வீட்டுத் தூசியோடு கலந்து வரும் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், 7. ஆகவே துணி காசைக் கீறுவது அபூர்வம். துணியில் தங்கிய மணல்தான் கீறுகிறது. வெல்வெட்டின் குறை அதன் நிமிர்ந்து நிற்கும் இழைகளில் இருக்கிறது. அவற்றுக்கிடையே இறங்கிய தூசி உதறினால் முழுதாக வெளியே வராது, வெல்வெட்டை யாரும் வாராவாரம் துவைப்பதும் இல்லை. சில மாதங்கள் மேசையில் கிடந்த வெல்வெட், தொடுவதற்கு மட்டும் மென்மையான ஓர் உப்புத்தாள். டர்க்கி டவலும் இதே ரகம்தான். அதில் கூடுதலாக ஒரு தொல்லையும் உண்டு. தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுகள் புழங்கிய பொன் பணம் அரை கிராம்கூட எடை இல்லாதது, ஒரு சென்டிமீட்டர் அகலத்தைக்கூட எட்டாதது. டவலின் சுருள் நூல்களுக்குள் அது புகுந்துகொண்டால் தேடி எடுப்பதற்குள் நாலு இடத்தில் உரசிவிடும்.

அதனால் இரண்டு வேலைகளையும் இரண்டு அடுக்குகளாகப் பிரித்துவிடுவதே சரியான வழி. விழும் காசைத் தாங்கக் கீழே ஒரு மெத்தை: நாலாக மடித்த போர்வையோ பாலிஎதிலீன் நுரைத்தகடோ போதும். காசைத் தொடுவதற்கு மேலே ஒரு மெல்லிய, வழவழப்பான, அடிக்கடி துவைக்கக்கூடிய பருத்தித் துணி. பல தடவை துவைத்து நைந்த வேட்டித் துண்டு இதற்கு மிகப் பொருத்தம், சரிகைக் கரையை மட்டும் வெட்டி எறிந்துவிட வேண்டும். சோப்பில் துவைத்து நன்றாக அலசினால் போதும். கஞ்சி, பிளீச்சிங் பவுடர், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் துவைத்த துண்டு ஒன்றை எடுத்து விரிக்க முடிகிறதே, எந்த விலை உயர்ந்த விரிப்பாலும் தர முடியாத வசதி அதுதான்.

விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் எத்தனை கல்லாப்பெட்டிகளில் உருண்டிருக்கும், அதற்கு இவ்வளவு உபசாரம் தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேய்ந்து மழுங்கிய காசில் ஒரு மயிரிழைக் கீறல் கூடினால் பெரிதாக எதுவும் மாறாது. ஆனால் புழக்கத்துக்கே வராத காசின் கதை வேறு. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949-இல் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலைத்தான் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் இன்று எல்லாக் காசுகளுக்கும் பயன்படுத்துகின்றன. அதில் 60 முதல் 70 வரை புழங்காத காசுகளுக்கு உரியவை. தேய்மானமே இல்லாத காசுகளை அங்கே தரம் பிரித்துக் காட்டுபவற்றில் முக்கியமானவை இத்தகைய நுண்கீறல்கள். சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிபோல் பளபளக்க அச்சிடும் ப்ரூஃப் காசில் ஒரே ஒரு இழுப்பு போதும், விளக்கைச் சாய்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தடத்தை நீக்க வழியில்லை. மெருகேற்றப் போனால் ஒரு கீறலுக்குப் பதில் நூறு.

நகைக்கடைக்காரர்கள் வெல்வெட்டில்தானே வைக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். அவர்களுக்குப் பொருள் விற்க வேண்டும். சிவப்பு வெல்வெட்டின் சாயல் பட்டால் தங்கம் இன்னும் செழுமையாகத் தெரியும். காசை ஆராய்பவருக்கு வேண்டியது அதன் உள்ளபடியான நிறம். அருங்காட்சியகங்களைச் சான்று காட்டினால், அங்கே துணியைச் சோதிக்காமல் காட்சிப்பெட்டிக்குள் விடத் தயங்குவார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வெளியிட்ட சோதனை இதற்கென்றே உள்ளது. துணியையோ மரத்தையோ ஈரப்பதத்தோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளுடன் ஒரே குப்பியில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். கந்தகம் வெளியேறினால் வெள்ளி கறுக்கும். கரிம அமிலம் வெளியேறினால் ஈயம் அரித்துப்போகும். கம்பளியில் இயல்பாகவே கந்தகம் உண்டு, கம்பளி ஃபெல்ட்டுக்கும் அது பொருந்தும். ரப்பரை உறுதியாக்கவே கந்தகம் சேர்க்கிறார்கள். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு ரப்பர் மவுஸ் பேட் நல்ல இடமல்ல. சாதவாகனரின் ஈயக் காசுகளை ஓக் போன்ற அமில ஆவி விடும் மரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ரெக்சினில் பெரும்பாலும் இருப்பது மென்மையாக்கப்பட்ட பிவிசி; நாளாக ஆக அது சிதைந்து அமிலத்தை விடும். செம்பு கலந்த காசுகளில் பச்சையாக, பிசுபிசுப்பாகப் படிவது அதன் வேலை.

ஐந்து நிமிடம் வைத்து எடுப்பதில் இதெல்லாம் நடந்துவிடுமா? நடக்காது. இவை நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஏறும் கேடுகள், அந்த ஐந்து நிமிடத்துக்கு மணலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். ஆனால் பார்க்க விரித்த இடமே வைக்கும் இடமாகிவிடுவது நம் வழக்கம். பாதி பார்த்த காசுகளைக் காலையில் தொடரலாம் என்று அப்படியே விட்டுவிடுகிறோம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது நல்லதல்ல.

நிறத்தைப் பொறுத்தவரை, வெள்ளைத் துணியில் இருண்ட காசின் விளிம்பு தெளிவாகத் தெரியும். வெள்ளிக் காசுக்கு அந்த வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், சாயம் போகாத சாம்பல் நிறத் துணி மேல். விளக்கு ஒன்றே இருக்கட்டும், பக்கவாட்டில் இருந்து வரட்டும். காசை விளிம்பில் பிடித்து, மெத்தைக்கு இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் தூக்காமல், திருப்ப வேண்டுமானால் துணியில் நகர்த்தாமல் எடுத்துத் திருப்ப வேண்டும். கடினமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வந்த ப்ரூஃப் காசுக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. அதைத் திறக்காமலே பார்க்கலாம். மேசையில் உரசினால் கீறல் விழுவது கூட்டுக்குத்தான், கூட்டை மாற்றிக்கொள்ளலாம்.