கடற்கரையில் பங்கு யாருக்கு?

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு காம்பியா. ஓர் ஆறு, அதன் இரு கரைகளையும் ஒட்டிய ஒடுங்கிய நிலம், மூன்று பக்கமும் செனகல். அட்லாண்டிக் கரையோரம் சுமார் 80 கிலோமீட்டர்தான். விடுதலை பெற்ற 1965-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடனிலிருந்து ஏறத்தாழ 300 பேர் இங்கே விடுமுறைக்கு வந்தார்கள். ஐரோப்பா குளிரில் உறையும் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நல்ல வெயில். விமானத்தில் ஏறி ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கோலோலி, கோட்டு கடற்கரைகளில் ஓட்டல்கள் பெருகின.

ஆனால் அந்த விமானமும் அறையும் பெரும்பாலும் ஐரோப்பியச் சுற்றுலா நிறுவனங்களின் கையில் இருந்தன. சாப்பாடு, மது எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிட்டு வருகிறவர் ஓட்டல் வாசலைத் தாண்டுவதில்லை. தெருவோர உணவகமும் டாக்சிக்காரரும் பழக்கடைப் பெண்ணும் காத்துக் கிடந்தார்கள். 1999-இல் அரசு துணிந்து அந்த 'எல்லாம் அடங்கிய' பேக்கேஜ்களைத் தடை செய்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் எதிர்த்தன, பயணிகள் குறைந்தார்கள், ஏறக்குறைய ஓராண்டிலேயே தடை விலகியது. நோக்கம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விமானத்தை அனுப்புகிறவரோடு மோதும் வலு அந்த அரசிடம் இல்லை.

வலு வேறு இடத்திலிருந்து வந்தது. 2000-இல் ஆடாமா பாவும் மற்றவர்களும் சேர்ந்து 'அசெட்' என்ற சிறுதொழில் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுவரை கரையில் நடந்ததெல்லாம் துரத்தல்தான். விற்பவர் பயணியைத் துரத்துவார், காவலாள் விற்பவரைத் துரத்துவார், தொல்லை தாங்காமல் பயணி அறைக்குள் அடைந்துகொள்வார். சங்கம் வந்த பிறகு ஓட்டல்காரர்கள், பயண ஏற்பாட்டாளர்கள், வழிகாட்டிகள், ஜூஸ் பிழிபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஜூஸ்காரர்களே தங்களுக்கு விதி எழுதிக்கொண்டார்கள்: யார் பின்னாலும் ஓடக் கூடாது, கடையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், விலையை எழுதி வைக்க வேண்டும். அவர்களுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. அடுத்த சீசனில் அவர்களுடைய வருமானம் இரண்டு மடங்கைத் தாண்டியது. பயணிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் எந்த அறிக்கையையும்விட இந்த மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வந்தவரிடமிருந்தே ஊருக்குக் கிடைப்பது பெருகியது.

ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய டான்பி அலையாத்திக் காட்டில் சிப்பி எடுக்கும் பெண்களின் கதையும் இதே வழியில் போகிறது. 'ட்ரை' என்ற சங்கமாகச் சேர்ந்தவர்கள், சிப்பி எடுக்காமல் காட்டை ஓயவிடும் மாதங்களை நீட்டினார்கள், வேர்களை வெட்டாமல் எடுக்கப் பழகினார்கள். 2012-இல் அந்தச் சிப்பி வளத்தின் தனி உரிமையை அரசு அவர்களிடமே கொடுத்தது. பறவை பார்க்கப் படகேறி வருபவர்களும் நாடுவது இதே காட்டைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் அடித்தளம் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. 2014-இல் காம்பியாவில் எபோலா ஒருவருக்கும் வரவில்லை. ஆனாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் வேறு நாடுகளில் பரவிய நோயின் பெயரால் பயணிகள் குறைந்துபோனார்கள். 2019 செப்டம்பரில், சீசன் தொடங்கும் நேரத்தில், இங்கே பயணிகளை அனுப்பிவந்த தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் திவாலானது. மறு ஆண்டு கொரோனா.

இப்போதைய சிக்கல் தெற்குக் கரையில். குஞ்சூர், சன்யாங், கார்ட்டோங் ஊர்களில் மீன்தூள் ஆலைகள் வந்திருக்கின்றன. ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். ஊர்ப் பெண்கள் புகையூட்டி விற்கும் மத்தி இன மீன்கள்தான் அரைபட்டு வெளிநாட்டுப் பண்ணைகளுக்குப் போகின்றன. 2017-இல் குஞ்சூர் உப்பங்கழி சிவந்து, மீன்கள் செத்து மிதந்தன. நாற்றம் வீசும் கரையில் சின்ன விடுதி நடத்துகிறவரிடம் எந்தப் பயணி தங்குவார்? சுற்றுலாவை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லும் அரசுதான் அந்த ஆலைகளுக்கும் உரிமம் கொடுத்திருக்கிறது. ஜூஸ்காரர்களை உட்காரவைத்துப் பேசியதைப் போல மீனவர்களையும் விடுதிக்காரர்களையும் ஆலை முதலாளிகளையும் ஒரே மேசைக்கு அது இன்னும் அழைக்க வேண்டியிருக்கிறது.