ஒரே தொண்டையில் ஒரு குழு

1970ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்கக் கடைகளுக்கு ஓர் இசைத்தட்டு வந்தது. பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், பின்குரல் கொடுத்தவர், கிட்டார், பேஸ், பியானோ, டிரம்ஸ் வாசித்தவர் எல்லாமே எமிட் ரோட்ஸ் என்கிற இருபது வயதுப் பையன். பதிவு நடந்த இடமும் பெரிய ஸ்டுடியோ இல்லை. கலிபோர்னியாவின் ஹாதார்ன் ஊரில், அவருடைய அப்பா அம்மா குடியிருந்த வீட்டை ஒட்டிய கொட்டகை. தட்டுக்கும் அவருடைய பெயரையே வைத்தார்கள்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். இசை வணிகத்தின் நாடித்துடிப்பான பில்போர்டு இதழ் வானளாவப் புகழ்ந்தது. அதே இதழின் விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 29ஆம் இடம் வரை ஏறியது. பீட்டில்ஸ் உடைந்த ஆண்டு அது. ஏப்ரலில் அக்குழுவின் பால் மெக்கார்ட்னியும் பெரும்பாலும் லண்டனில் தன் வீட்டிலேயே தனியாக உட்கார்ந்து ஓர் ஆல்பம் பதிவு செய்து வெளியிட்டிருந்தார். அதைக் கேட்டு ஏமாந்தவர்கள், மெக்கார்ட்னியிடம் தாங்கள் எதிர்பார்த்தது இந்தப் பையனிடம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். பல ஆண்டுகள் கழித்து இவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு ‘ஒற்றை ஆள் பீட்டில்ஸ்’ என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள்.

இந்த வகை இசைக்குப் பவர் பாப் என்று பெயர். தி ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் 1967இல் தங்கள் இசையைச் சொல்லப் பயன்படுத்திய பெயர் அது. முறுக்கேறிய கிட்டார், ஓங்கி அடிக்கும் டிரம்ஸ், அதன்மேல் தேன் வடியும் மெட்டு, அடுக்கடுக்காகக் குரல்கள், மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்கு ஒரு கும்பல் வேண்டும். நாலு பேர் ஒரு மைக் முன்னால் தோள் உரசிக்கொண்டு பாடுகிற உணர்வு வேண்டும். ரோட்ஸின் தட்டைக் கேட்டவர்களை அசத்தியது, அந்தக் கும்பல் அங்கே இருந்ததுதான். ஆனால் கொட்டகையில் இருந்தது ஒரே ஆள். இந்தப் புகழ்ச்சிக்குள் ஓர் இயற்பியல் புதிர் இருக்கிறது.

ஒருவர் பாடிய ஒரு வரியை அப்படியே நகலெடுத்து, மூலத்தின் மேல் துல்லியமாகப் பொருத்தி ஒலிக்கவிட்டால் என்ன ஆகும்? இரண்டு பேர் பாடுவதுபோல் கேட்கும் என்றுதான் தோன்றும். கேட்காது. சத்தம் கூடும், அவ்வளவுதான். ஒலியலைகள் முகட்டோடு முகடு, பள்ளத்தோடு பள்ளம் சேர்ந்து ஆறு டெசிபெல் உயரும். ஒலியளவுக் குமிழைத் திருகினாலும் இதே பலன்தான். பத்து நகல் சேர்த்தாலும் ஒரே ஆள் உரக்கப் பாடுகிறார், அவ்வளவே.

அதே ஆளை, அதே வரியை, இரண்டாம் முறை பாடச் சொல்லுங்கள். எவ்வளவு தேர்ந்த பாடகராக இருந்தாலும் முதல் தடவை பாடியதை அச்சு அசலாகத் திரும்பப் பாட முடியாது. ஓர் எழுத்து நூறில் ஒரு பங்கு நொடி முந்தும், இன்னொன்று பிந்தும். சுருதி இழையளவு மேலே போகும், கீழே வரும். இந்த இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் குரல் திடீரென்று தடித்துப் பளபளக்கும். பாடகர் எவ்வளவு பாடுபட்டாலும் ஒழிக்க முடியாத அந்தச் சின்னப் பிசகுகள்தாம் அத்தனை வேலையையும் செய்கின்றன.

எப்படி என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். இரண்டு தந்திகள் கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுதும் சேராத நிலையில், ஒலி ஏறி இறங்கி அலையடிக்கும். பிருடையைத் திருகத் திருக அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். பள்ளிப் பாடநூல் இதை விம்மல் என்கிறது. ஒரு குரல் 220 ஹெர்ட்ஸிலும் மற்றது 221 ஹெர்ட்ஸிலும் ஒலித்தால் நொடிக்கு ஒரு விம்மல். ஆனால் மனிதக் குரல் ஒற்றை அதிர்வெண் அல்ல. அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேற்சுரங்கள் அடுக்காக இருக்கும். இரண்டாவது அடுக்கில் 440க்கும் 442க்கும் இடையே நொடிக்கு இரண்டு விம்மல். பத்தாவது அடுக்கில் 2200க்கும் 2210க்கும் இடையே பத்து. அடிக்குரல் நிதானமாக மூச்சு வாங்க, உச்சியில் அதே குரல் படபடவென்று மினுங்குகிறது. பாடகரின் சுருதி நொடிக்கு நொடி அசைவதால் இந்த விம்மல்களும் ஒரு கணக்கில் நில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். பட்டுத் துணியை அசைத்தால் ஓடும் ஒளிபோல என்று விமர்சகர்கள் வருணிக்கத் துடிக்கும் அந்த மினுமினுப்பின் கணக்கு இதுதான்.

அப்படியென்றால் இரண்டு குரலும் தனித்தனியாக ஏன் கேட்பதில்லை? இதற்குக் காது பொறுப்பு. ஒரே ஒலி இரண்டு முறை, மிகக் குறுகிய இடைவெளியில் வந்தால் மூளை அவற்றை ஒன்றாகவே கொள்கிறது. ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1940களின் இறுதியில் பேச்சொலியை வைத்து இதை ஆராய்ந்தார். சுமார் 30 மில்லிநொடிக்குள் வரும் இரண்டாம் ஒலியை நாம் எதிரொலியாக உணர்வதில்லை. முதல் ஒலிக்கு அது பருமன் மட்டும் சேர்க்கிறது. சுவரும் தரையும் ஓயாமல் ஒலியைத் திருப்பி அனுப்பும் உலகத்தில் வாழ்கிற உயிருக்கு இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். இருமுறை பாடும் பாடகர் அந்த 30 மில்லிநொடிச் சந்தில் நுழைந்து வேலை செய்கிறார். சந்தைத் தாண்டினால் கதை கந்தல்: இரண்டு பேர் ஒழுங்கில்லாமல் பாடுவதாகக் கேட்கும்.

பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கு ஒரே பாட்டை இருமுறை பாடுவது அலுப்பான வேலை. அவர் தொல்லை தாங்காமல் ஏபி ரோடு ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்செண்ட் 1966இல் ஒரு வழி கண்டுபிடித்தார். பதிவான குரலை இன்னொரு டேப் எந்திரத்துக்கு அனுப்பி, சற்றுத் தாமதித்துத் திரும்ப வாங்கி மூலத்தோடு சேர்ப்பது. ஆனால் தாமதம் மாறாமல் நின்றால் குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதனால் இரண்டாவது எந்திரத்தின் வேகத்தை லேசாகக் கூட்டிக் குறைத்து ஆடவிட்டார்கள். எந்திரத்துக்கும் பிசகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய மென்பொருள்களும் இந்த வேலைக்கு அதே தந்திரத்தைத்தான் கையாள்கின்றன: சுருதியையும் நேரத்தையும் வேண்டுமென்றே துளித் துளியாகக் கலைக்கின்றன.

இது ஒரே மெட்டை இருமுறை பாடும் கதை. ஹார்மனியில், அதாவது வெவ்வேறு சுரங்களில் பல குரல்கள் சேரும்போது, இன்னொரு அதிசயம் சேர்ந்துகொள்கிறது. குரல்வளையில் பிறக்கும் ஒலி வெறும் ரீங்காரம். தொண்டை, வாய், மூக்கறை ஆகிய குழல்கள் அதில் சில அதிர்வெண்களைத் தூக்கிவிட்டுச் சிலவற்றை அமுக்குகின்றன. அந்தக் குழல்களின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். குரலை வைத்து ஆளை அடையாளம் காண்பது இதனால்தான். ஒரு குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வடிவம் நெருங்கியிருக்கும், சொற்களை உச்சரிக்கும் விதமும் ஒன்றாக இருக்கும். அண்ணன் தம்பிகள் பாடும்போது குரல்கள் ஒட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம். பீச் பாய்ஸ் குழுவின் மூன்று வில்சன் சகோதரர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களும் இதே ஹாதார்ன் ஊர்க்காரர்கள்தாம்! ரோட்ஸ் அதற்கும் ஒரு படி மேலே போனார். அவருடைய ஹார்மனியில் எல்லாக் குரலும் ஒரே தொண்டை. உயிரெழுத்துகள் ஒரே இடத்தில் விரிகின்றன, மெய்யெழுத்துகள் ஒரே நாக்கில் தட்டுகின்றன. எந்தக் குடும்பத்தாலும் கொடுக்க முடியாத ஒட்டுதல் அது. சில இடங்களில் அது கொஞ்சம் அதிகமாகவே வழுவழுப்பாகிவிடுகிறது என்பது என் கட்சி. லெனனின் மூக்கொலி மெக்கார்ட்னியின் குரலோடு உரசும் அந்தச் சொரசொரப்பு இங்கே கிடைக்காது.

சரி, ஒரு ஆள் தன்னோடு தானே எப்படிச் சேர்ந்து வாசிப்பது? பழைய டேப் எந்திரத்தில் மூன்று தலைகள் வரிசையாக இருக்கும். ஒன்று அழிக்கும், அடுத்தது பதியும், கடைசியானது ஒலிக்கும். ஏற்கெனவே பதிந்த டிரம்ஸைக் கடைசித் தலை வழியாகக் கேட்டுக்கொண்டே பேஸ் வாசித்தால், அந்த பேஸ் நடுத்தலையில் பதிகிறது. இரண்டு தலைக்கும் இரண்டு அங்குல இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது. எட்டில் ஒரு பங்கு நொடிக்குச் சற்று அதிகமான பிசகு. நிமிடத்துக்கு நூறு தட்டு விழும் பாட்டில் இது ஏறக்குறைய கால் தட்டு. பாட்டு நாசம்.

1950களின் நடுவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் ராஸ் ஸ்னைடர் இதற்கு விடை சொன்னார். பதிகிற தலையும் ஒலிக்கிற தலையும் அடிப்படையில் ஒரே காந்தச் சுருள்தான். ஆகவே பதியும் தலையையே டிராக் டிராக்காகப் பிரித்து, ஒரு டிராக் பதியும்போது பக்கத்து டிராக்கை ஒலிக்கவும் விடலாம். ஒலியின் தரம் சுமாராக இருக்கும். இருக்கட்டுமே, வாசிப்பவர் காதுக்குத் தாளம் கிடைத்தால் போதாதா! 1957இல் இந்த ஏற்பாட்டோடு ஓர் எட்டு டிராக் எந்திரம் கிட்டார் மேதை லெஸ் பாலின் வீட்டுக்குப் போனது. அதற்கு முன்பே, டேப்பும் இல்லாமல், தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றித் தன்னோடு தானே வாசித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தத் தொழில்நுட்பம் இறங்கி வந்து, ரோட்ஸின் கொட்டகையில் ஒரு நாலு டிராக் ஆம்பெக்ஸ் எந்திரமாக உட்கார்ந்தது.

ஆனால் இந்த முறையில் யாராலும் மீற முடியாத ஒரு விதி இருக்கிறது. பின்னால் வாசிப்பவர் முன்னால் வாசித்ததைக் கேட்கலாம். முன்னால் வாசிப்பவருக்குப் பின்னால் வரப்போவது கேட்காது. மேடையில் பாடகர் ஒரு வரியை நீட்டினால் டிரம்மர் கண்ணால் பார்த்துக் கையைத் தாழ்த்துவார். கொட்டகையில் அந்தப் பாடகர் இன்னும் பிறக்கவில்லை. இல்லாத பாட்டுக்கு, அது எங்கே மூச்சு வாங்கும், எங்கே துள்ளும் என்று தலைக்குள் முழுதாகக் கேட்டபடி வாசிக்க வேண்டும். ரோட்ஸ் பதின்ம வயதில் பேலஸ் கார்டு என்ற குழுவில் டிரம்மராகத் தொடங்கியவர் என்பது இங்கே முக்கியம். ‘ஃப்ரெஷ் அஸ் எ டெய்ஸி’ பாட்டில் பியானோ துள்ளும் இடங்களில் டிரம்ஸும் அதே மூச்சில் துள்ளுகிறது. விமர்சகர்கள் மெட்டைப் புகழ்ந்த அளவு இந்த டிரம்ஸைப் புகழவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும் முறைதான் அவர் வாழ்க்கையையும் கவிழ்த்தது. ரோட்ஸ் டன்ஹில் இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்கு ஓர் ஆல்பம் தர வேண்டும், மூன்று ஆண்டில் ஆறு. நாலு பேர் உள்ள குழு ஒரு பாட்டின் அடித்தளத்தை மூன்றே நிமிடத்தில் வாசித்துப் பதிந்துவிடும். தனி ஆளுக்கு அதே வேலை குறைந்தது நான்கு தடவை, அதன்மேல் இருமுறைக் குரல்கள், ஹார்மனிகள். பாட்டுக்கு எட்டுப் பகுதி என்றால்கூடப் பன்னிரண்டு பாட்டுக்குத் தொண்ணூற்றாறு. ஒவ்வொன்றும் பலமுறை வாசித்த பிறகுதான் தேறும். வாசிக்கும் கையேதான் எந்திரத்தையும் ஓட்ட வேண்டும். ஓர் ஆல்பத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. நிறுவனம் இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது, உரிமைத்தொகையையும் நிறுத்திவைத்தது. போதாததற்கு, முதல் ஆல்பம் வெளிவந்த நேரத்தில் அவருடைய பழைய நிறுவனம் கிடப்பில் கிடந்த பதிவுகளைத் தூசி தட்டி இன்னொரு தட்டாக இறக்கி, வாங்குபவர்களைக் குழப்பியது. 1971இல் ‘மிரர்’, 1973இல் ‘ஃபேர்வெல் டு பாரடைஸ்’. மொத்தம் மூன்று ஆல்பத்தோடு நிறுத்திவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. பிறகு பிழைப்புக்கு மற்றவர்களின் பாட்டைப் பதியும் பொறியாளர் வேலை.

விமர்சகரின் பாராட்டு கடைக்குப் பெட்டி அனுப்பாது. அதே காலத்தில் மெம்பிஸ் நகரத்தின் பிக் ஸ்டார் குழுவுக்கும் இதே கதிதான். 1972இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை எழுத்தாளர்கள் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். விநியோகச் சிக்கலால் தட்டு பெரும்பாலான கடைகளை எட்டவே இல்லை. ஆனால் பாராட்டு சும்மாவும் போவதில்லை. தேடிக் கேட்பவர்கள், கேட்டுப் பாட்டுக் கட்டுபவர்கள் என்று ஒரு சிறு கூட்டத்தை அது உயிரோடு வைத்திருக்கிறது. 2001இல் வெஸ் ஆண்டர்சனின் ‘தி ராயல் டெனன்பாம்ஸ்’ படத்தில் ரோட்ஸின் ஒரு சின்னத் தாலாட்டு ஒலித்தது.

2016இல், நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, ‘ரெயின்போ எண்ட்ஸ்’ வந்தது. இம்முறை அவர் தனியாக இல்லை. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த கிறிஸ் பிரைஸ் தயாரிக்க, ஜேசன் ஃபாக்னர், ஜான் பிரையன், ஏமி மேன், சூசன்னா ஹாஃப்ஸ் போன்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். விமர்சகர்கள் மறுபடியும் மனமாரப் புகழ்ந்தார்கள். ரோட்ஸ் 2020 ஜூலையில் ஹாதார்னிலேயே காலமானார். 1970 ஆல்பத்தையும் 2016 ஆல்பத்தையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று புலப்படும். பின்னதில் குரல்கள் ஒன்றையொன்று சற்றே உரசுகின்றன, வாசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் காது கொடுக்கிறார்கள். மூத்துக் கரகரத்த குரலுக்கு அந்தத் துணை நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் மினுமினுப்பு வேண்டுமென்றால் நான் 1970க்குத்தான் போவேன்.