பழைய மோட்டார் படகைச் சீரமைத்தல்

கவனிப்பாரின்றிப் பல ஆண்டுகள் கரையில் கிடந்த இயந்திரப் படகை மீண்டும் நீரில் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது படகுச் சீரமைப்பு எனப்படும். மீன்பிடித் துறைமுகங்களில் இது தச்சரும் மெக்கானிக்கும் செய்யும் அன்றாடத் தொழில். ஆர்வத்தால் இதில் இறங்குவோர் பெரும்பாலும் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்கின்றனர். அதற்கு நட்பு மட்டும் காரணமன்று. இதில் சில வேலைகளை ஒற்றை ஆளால் செய்யவே முடியாது.

இவ்வாறு மறுவாழ்வு பெற்ற படகுகளுள் உலகப் புகழ் பெற்றது 'சண்டவுனர்'. 1912இல் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட நீராவிப் படகு அது. டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர்தப்பிய சார்லஸ் லைட்டோலர் 1929இல் அதை வாங்கி மோட்டார் படகாக மாற்றினார். 1940 ஜூன் 1 அன்று அவரும் அவர் மகனும் இளம் கடற்சாரணர் ஒருவரும் அதில் டன்கிர்க் சென்று, ஏறத்தாழ 130 படைவீரர்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து திரும்பினர்.

கடற்படகும் மலைப்படகும்

கொடைக்கானல் ஏரி 1863இல் வியர் லெவின்ஜ் என்பவரால் உருவாக்கப்பட்டது. அதில் மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படுகிறது. கடலிலிருந்து மலைக்கு வரும் மரப்படகுக்குப் பழைய எதிரி ஒன்று தொலைகிறது, புதிய எதிரி ஒன்று வந்து சேர்கிறது. உப்புநீரில் பலகையைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு நன்னீர் ஏரியில் வாழாது. ஆனால் உப்பு ஓரளவு தடுத்து வைத்திருந்த பூஞ்சை, மழைநீர் தேங்கும் இடங்களில் தடையின்றிப் பெருகுகிறது. மரத்தில் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டைத் தாண்டினால் உளுப்பு தொடங்கிவிடும். பழனிமலை போன்ற மழைப்பகுதியில் மூடாமல் போட்ட படகு வெளியே வண்ணம் மங்காமல் இருந்தும் உள்ளே பஞ்சாகிப் போயிருக்கலாம்.

ஆகவே முதல் சோதனை உடற்பகுதிக்குத்தான். கூரான ஊசியால் பலகைகளையும் வங்குகளையும் (உட்புற வளைசட்டங்கள்) குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும், உளுத்தது விழுங்கிக்கொள்ளும். ஃபைபர் படகானால் மரச்சுத்தியால் தட்டிக் கேட்பது வழக்கம். 'டங்' என்று ஒலிக்கும் இடம் நலம். 'பொத்' என்று அடங்கினால் உள்ளே நீர் புகுந்திருக்கக்கூடும். வெளிப்புற இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையில் இது அடிக்கடி காணப்படும் கோளாறு. இயந்திரம் எவ்வளவு ஆசை காட்டினாலும் அதில் கைவைப்பது அடுத்த கட்டம். உடல் போன படகில் நல்ல இயந்திரம் வெறும் பாரமே.

இரண்டு பேர் வேலை

உளுத்த பலகையை வெட்டியெடுத்துப் புதியதைச் செப்பு ஆணியால் பொருத்தும்போது ஒருவர் வெளியே நின்று ஆணித்தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் உள்ளே ஆணிமுனையில் வளையத்தைக் கோத்து, மிச்சத்தை வெட்டி, சிறு சுத்தியால் மடித்தடிக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. பலகையின் இரு பக்கத்திலிருந்தும் ஓசையையும் குரலையும் வைத்தே வேலை நடக்கும். நூற்றுக்கணக்கான ஆணிகளை இப்படி அடித்த பிறகு நண்பர்கள் பேசிக்கொள்ளாமலே புரிந்துகொள்வதில் வியப்பில்லை.

பிறகு கலப்பற்று. பலகைகளுக்கிடையிலான இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளியால் செலுத்தி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையைப் பூசுவது பழைய முறை. காய்ந்த படகில் பஞ்சை இறுக்கித் திணிப்பது பிழை. நீர் குடித்துப் பலகை விரியும்போது இடமில்லாமல் ஆணிகளே பிடுங்கிக்கொள்ளும்.

இயந்திரமும் உயரமும்

இறுகிப்போன இயந்திரத்தைப் பேட்டரி கொடுத்துச் சுழற்ற முயன்றால் பிஸ்டன் வளையம் உடையும். டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, பறக்குஞ்சக்கரத்தைக் கையால் மெல்ல அசைப்பதே நல்ல வழி. நீரேற்றும் ரப்பர் சக்கரத்தை, பார்வைக்கு எப்படி இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் இயந்திரமானால் கூடுதல் எச்சரிக்கை தேவை: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது படகின் அடிக்குழியில் படிந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

மலை ஏரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொடைக்கானல் ஏரியில் சுற்றுலாப் பயணிகள் செல்வது துடுப்புப் படகிலும் மிதிபடகிலும்தான். மோட்டார் படகு ஓடுவது உதகை ஏரியில். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத இயந்திரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை இழக்கும். கார்புரேட்டரில் எரிபொருளைக் குறைக்க வேண்டும். புரொப்பெல்லரின் புரியிடையையும் சற்றுக் குறைக்க வேண்டும். கடற்கரையில் நன்றாக ஓடிய இயந்திரம் மலையில் கரும்புகை கக்கித் திணறினால் அது பழுதாகவே இருக்க வேண்டியதில்லை.

எடை

சீரமைப்போர் பலரும் சறுக்கும் இடம் இது. வெயிலுக்கு ஒரு கூரை, அதன்மேல் இருக்கை, பெரிய இயந்திரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது படகின் ஈர்ப்பு மையம் மேலேறிக்கொண்டே போகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்னிகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அது பழைய படகுகூட இல்லை; அண்மையில் ஓடத் தொடங்கிய ஒன்று. மேலடுக்கிலிருந்தோர் விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கமாகத் திரண்டதாக அப்போது கூறப்பட்டது. மேலே எடை கூடிய படகு ஓரளவு சாய்ந்தபின் நிமிர்வதில்லை. எனவே கூரை சேர்த்த படகில் ஆள் ஏறுமுன் மணல் மூட்டைகளை ஒரு பக்கத்தில் அடுக்கிச் சாய்வை அளந்து பார்ப்பது அவசியம். இயந்திரத்தால் இயங்கும் உள்நாட்டுப் படகுகளுக்கு ஆய்வும் பதிவும் தேவை என்பதை உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 வகுத்துள்ளது.

நீரில் இறக்குதல்

நெடுநாள் காய்ந்த மரப்படகு இறக்கிய அன்று கசியும். பலகை ஊறி இடுக்குகள் அடைபட ஓரிரு நாளாகும். அதுவரை கயிற்றில் கட்டி, இருவரும் மாறி மாறி நீர் இறைத்தபடி காவலிருப்பார்கள். இயந்திரத்தையும் புரொப்பெல்லர் தண்டையும் நேர்கோட்டில் பொருத்தும் கடைசித் திருத்தம் இதற்குப் பிறகே செய்யப்படும். கரையில் கட்டைகள்மேல் நின்ற உடல் நீரில் சற்றே உருமாறும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள இணைப்பில் அனுமதிக்கப்படும் பிசகு 0.1 மில்லிமீட்டர்தான்.